முனைய விளையாட்டும் அதனைப் பேணுவோரும்

லாலாகுடாவில் ரயில் பெட்டி செய்யப்படுவதில்லை. வேறிடத்தில் செய்யப்பட்டு, ஓடித் தேய்ந்த பெட்டி இங்கே வருகின்றது. நிஜாம் காலத்து இருப்புப்பாதைக்கென 1893-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பட்டறை, பெட்டிகளைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை வாங்கிக் கழற்றி, சக்கரத்தையும் தடையையும் சோதித்து, துருப்பிடித்த தகட்டை வெட்டியெறிந்து, வர்ணம் பூசித் திருப்பி அனுப்புகின்றது. பெரம்பூரில் 1955-இல் தொடங்கப்பெற்ற பெட்டித் தொழிற்சாலையைப் பற்றித் தமிழர் பெருமையுடன் பேசுவோம். புதிய பெட்டி வெளிவரும் நாளில் மாலை உண்டு, புகைப்படம் உண்டு. பழுது நீங்கி லாலாகுடாவை விட்டுப் புறப்படும் பெட்டிக்கு அவையொன்றும் இல்லை. ஆயினும் ஊருக்குப் போகும் நாம் ஏறி அமர்வது பெரும்பாலும் அத்தகைய பெட்டியில்தான்.

இப்பேட்டையில் பல ஆண்டுகளாக வசித்து வருபவன் என்ற முறையில், செய்தல் வேறு, பேணுதல் வேறு என்பதை நான் அண்டை வீட்டாரின் பேச்சிலிருந்தே கற்றுக்கொண்டேன். அதே வேறுபாடு, முற்றிலும் வேறான ஒரு துறையிலும் இருக்கின்றது. கணிப்பொறியின் எழுத்துத் திரையில் ஆடப்பெறும் சிறு விளையாட்டுகளையும், அவற்றை ஊதியமின்றிக் காத்துவரும் மக்களையும் பற்றியே ஈண்டு கூற விழைகின்றேன். விளையாட்டுத்தானே என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டா. முகமறியாத நூறு பேர் ஒரு பொருளைப் பொதுவில் வைத்துக் காப்பாற்றுவது எங்ஙனம் என்ற வினா இதில் அடங்கியிருக்கின்றது.

முதலில் முனையம் என்பது யாது? படமும் ஒலியும் இன்றி, எழுத்துகளை மட்டுமே காட்டும் திரை அது. 1978-இல் வெளிவந்து பெயர்பெற்ற ஒரு முனையக் கருவியில் ஒரு வரிக்கு 80 எழுத்து, திரைக்கு 24 வரி. இன்றைய கணிப்பொறிகளில் முனையம் என்பது கருவியாக இல்லாமல் ஒரு சாளரமாக மாறிவிட்டது எனினும், 80-க்கு 24 என்ற அளவு ஒரு மரபாகவே நிலைத்துவிட்டது. இந்தக் கட்டங்களுக்குள்ளே ஒரு உலகத்தைப் படைத்தனர் சில மாணவர்கள். 1980-ஆம் ஆண்டளவில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விக்மன் என்ற இருவர் 'ரோக்' என்னும் ஆட்டத்தை எழுதினர். பின்னர் கென் அர்னால்டு என்பவரும் சேர்ந்துகொண்டார். மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருகின்ற சுழிக்குறியே அதில் வீரன். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இருபத்தாறும் பூதங்கள். புள்ளிகள் தரை, கோடுகள் சுவர். ஒவ்வொரு முறை ஆடத் தொடங்கும்போதும் நிலவறையின் அமைப்பு புதிதாக அமையும். ஒருமுறை இறந்தால் இறந்ததுதான். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்நாளில் கணிப்பொறிக்கும் முனையத்துக்கும் இடையே கம்பிவழிச் செய்தி ஆமை வேகத்தில் சென்றது. வீரன் ஒரு அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் திரை முழுவதையும் மறுபடி எழுதினால் ஆடுபவன் உறங்கிவிடுவான். ஆகவே மாறிய கட்டத்தை மட்டும் திருத்தி எழுதும் ஓர் உத்தியைக் கென் அர்னால்டு 'கர்சஸ்' என்ற துணைநிரல் தொகுப்பாக ஆக்கினார். இன்றும் முனைய ஆட்டங்கள் பல அதன் வழித்தோன்றல்களையே நம்பி நிற்கின்றன.

ரோக் பல்கலைக்கழகங்களெங்கும் பரவியது. ஆனால் பரவியது இயங்கும் வடிவம் மட்டுமே; அதன் மூலநிரல், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய எழுத்து வடிவம், வெளியே கொடுக்கப்படவில்லை. ஆடியவர்களுக்கு ஆசை பிறந்தது, திருத்த வழியில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்த ஜே ஃபென்லசன், 1982-இல் தம் நண்பர்களுடன் சேர்ந்து அதைப் போன்றதொரு ஆட்டத்தைத் தாமே புதிதாக எழுதினார்; அதற்கு 'ஹேக்' என்று பெயர். அவர் மூலநிரலையும் கூடவே கொடுத்தார். நெதர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் ஆண்டிரிஸ் பிரௌவர் அதை எடுத்து வளர்த்து, 1984-இன் இறுதியில் யூஸ்நெட் என்ற கணிப்பொறிச் செய்தி வலையில் யாவரும் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிட்டார். பலர் பலவாறு திருத்தினர். திருத்தங்கள் சிதறிப்போகாமல் மைக் ஸ்டீவன்சன் என்பவர் ஒன்றுசேர்த்து 1987-இல் வெளியிட்டது 'நெட்ஹேக்'. பெயரில் வரும் 'நெட்' என்ற சொல்லைக் கண்டு, இது வலைவழிப் பலர் கூடி ஆடும் ஆட்டம் என்று எண்ணுவோர் உண்டு. அவ்வாறன்று. ஆடுபவர் ஒருவரே, வலைவழிக் கூடியவர்கள் அதை எழுதியவர்கள். ஒரு ஆட்டம் தன் கதாநாயகனின் பெயரைத் தாங்காமல் தன்னைப் பேணுவோரின் கூட்டத்தைப் பெயரில் தாங்கி நிற்பது எனக்கு வியப்பாகவே இருக்கின்றது.

மூலநிரல் கைக்கு எட்டாத ரோக், தனக்குப் பின்வந்த நூற்றுக்கணக்கான ஆட்டங்களுக்குக் குலப்பெயராக நிற்கின்றது. மூலநிரலோடு வெளிவந்த ஹேக்கோ நாடு விட்டு நாடு, கை விட்டுக் கை மாறி, நெட்ஹேக் என்ற உருவில் நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் ஆடப்பெறுகின்றது. திறமூலம் என்று நாம் கூறும் கொள்கையின் பயன் இதுவே: எழுதியவனுக்குச் சலிப்பு வந்தாலும் எழுதப்பட்டது அவனோடு முடிவதில்லை.

ஆயின், மூலநிரலைத் திறந்து வைத்தால் போதும், ஆட்கள் தாமே வந்து காப்பார்கள் என்று கருதுவது, தண்டவாளம் போட்டால் ரயில் தானே ஓடும் என்பது போன்றதாம்.

ஒரு சிறு ஆட்டத்தைப் பேணுபவரின் மேசைக்கு நாள்தோறும் என்னென்ன வருகின்றன என்று பாருங்கள். "ஆட்டம் கெட்டுவிட்டது" என்று ஒருவர் எழுதுவார், வேறொன்றும் எழுதமாட்டார். எந்தப் பதிப்பு, எந்த முனையம், எந்த விசையை அழுத்தினார், ஒன்றும் தெரியாது. நிலவறை ஒவ்வொரு முறையும் புதிதாக அமைவதால், அவருக்கு நேர்ந்தது பேணுநருக்கு நேராது. இதற்கென்றே நல்ல ஆட்டங்களில் 'விதை எண்' என்ற ஒன்றைக் காட்டி வைப்பார்கள். அந்த எண்ணையும் பதிப்பையும் கொடுத்து, அழுத்திய விசைகளையும் அதே வரிசையில் அழுத்தினால் அதே நிலவறை, அதே பூதம், அதே பிழை மீண்டும் தோன்றும். பிழையைத் தோற்றுவிக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது என்பது அத்துறையினர் துணிபு. எங்கள் பேட்டைப் பட்டறையில் "ஓடும்போது சத்தம் வருகிறது" என்று மட்டும் எழுதி அனுப்பப்பட்ட பெட்டியைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொள்ளும் ஃபிட்டர், இந்தப் பேணுநரின் உடன்பிறப்பு.

மற்றொரு பிழை வெகு பழையது. ஆட்டம் நடக்கும்போது, அழுத்தும் விசை திரையில் தெரியாதபடியும், உடனுக்குடன் ஆட்டத்துக்குப் போய்ச் சேரும்படியும் முனையத்தின் இயல்பை மாற்றி வைத்திருப்பார்கள். இடையில் ஆட்டம் முறிந்து விழுந்தால், மாற்றிய இயல்பை மீட்டு வைக்க ஆள் இல்லை. ஆடியவர் எதைத் தட்டினாலும் திரையில் ஒன்றும் தோன்றாது. கணிப்பொறியே பழுதாயிற்று என்று அவர் அஞ்சுவார். விழும்போதும் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு விழ வேண்டும் என்பது முனைய ஆட்டம் எழுதுவோர் கற்கும் முதற்பாடங்களில் ஒன்று. திசைக்குறி விசைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. அவை ஒவ்வொன்றும் 'எஸ்கேப்' என்ற விசையின் குறியைத் தலையில் சுமந்துகொண்டு வருபவை. ஆகையால் ஆடுபவர் தப்பிக்க விரும்பி அந்த விசையை அழுத்தினாரா, மேலே செல்லத் திசைக்குறியை அழுத்தினாரா என்று ஆட்டம் ஒரு கணம் காத்திருந்துதான் அறிய முடியும். பழைய ஆட்டங்களில் இடம், கீழ், மேல், வலம் என்பவற்றுக்கு ஹெச், ஜே, கே, எல் என்ற எழுத்து விசைகளை வைத்திருப்பதைக் காணலாம். ஒரு பழைய முனையத்தில் அம்புக்குறிகள் அவ்வெழுத்துகளின் மீதே அச்சிடப்பட்டிருந்தன. அதில் பழகிய கைகள் பின்வந்தோர்க்கும் அதையே கற்பித்துவிட்டன.

பிழைகளைக் காட்டிலும் கடினமானவை நல்லெண்ணங்கள். "இதில் ஒரு யானையைச் சேர்த்திருக்கின்றேன், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று ஒரு மாணவன் இருநூறு வரி எழுதி அனுப்புகின்றான். யானை நன்றாகவே இருக்கின்றது. ஆனால் ஆட்டத்தின் நிலவறைக்குள் யானை புகுந்தால் மற்றப் பூதங்களின் சமநிலை குலைந்துவிடும். அன்றியும், மாணவன் தேர்வு எழுதப் போய்விட்ட பின்னர் அந்த யானைக்குத் தீனி போடவேண்டியவர் பேணுநரே. ஆகவே மறுக்க வேண்டும்; மறுத்த பின்பும் அம்மாணவன் மீண்டும் வர வேண்டும். கலைகளுள் அரியது இது என்பேன்.

இதனை ஒழுங்காகச் செய்தோருள் 'டஞ்சன் கிரால்' என்ற ஆட்டத்தினரைக் குறிப்பிடுதல் தகும். லின்லி ஹென்சல் என்பவர் எழுதி 1997-இல் வெளியிட்ட அவ்வாட்டம், சில ஆண்டுகளில் தேங்கி நின்றது. 2006-இல் வேறு சிலர் அதன் மூலநிரலை எடுத்து, 'ஸ்டோன் சூப்' என்ற அடைமொழியோடு தொடர்ந்தனர். ஐரோப்பிய நாடோடிக் கதை ஒன்றிலிருந்து வந்த பெயர் அது. பசித்த வழிப்போக்கன் ஒருவன் ஊர் நடுவே பானையில் நீரூற்றி ஒரு கல்லைப் போட்டுக் கொதிக்க வைக்கின்றான். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம், "கல்சாறு மணக்கிறது, ஒரு காரட் மட்டும் இருந்தால்..." என்கின்றான். ஒருத்தி காரட் தருகின்றாள், ஒருவன் உப்பு, மற்றொருவன் எலும்பு. இறுதியில் ஊரே உண்கின்றது. கூட்டு முயற்சிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிட்டாது. ஆனால் வந்ததையெல்லாம் பானையில் போட்டால் சாறு கெடும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். ஆட்டம் எதை நாடுகின்றது, எதை நாடாது என்பதை ஆவணமாக எழுதி வைத்தனர்: ஆடுபவன் சிந்தித்துத் தேர்வு செய்யும்படி இருக்க வேண்டும், சலிப்பூட்டும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் ஆதாயம் பெறும்படி இருத்தலாகாது, அத்தகையவை முன்பே இருந்தாலும் நீக்கப்படும். இவ்வாறு எழுதி வைத்த பின்னர், மறுப்பு என்பது ஒரு மனிதர் மற்றொருவர்மீது சுமத்தும் அவமதிப்பாக இல்லாமல், இருவருக்கும் பொதுவான ஏட்டைச் சுட்டிக்காட்டுவதாக ஆகிவிடுகின்றது. நீக்கப்பட்ட பகுதிகளுக்காக இன்றும் அழுது புலம்பும் ஆட்டக்காரர் உண்டு என்பது வேறு செய்தி.

நான் மொழிபெயர்ப்பாளன். இத்துறைக்குள் நான் நுழைந்ததும் அந்த வாயில் வழியாகவே. முனைய ஆட்டம் ஒன்றின் செய்தி வரிகளைத் தமிழாக்க முனைந்தேன். சிறிய ஆட்டம், பேணுபவர் ஒருவர். எளிது என்று எண்ணினேன். ஆங்கில ஆட்டத்தில், 'நீ இன்னதை அடித்தாய்' என்ற பொருளில் ஒரே வரி இருக்கும். 'இன்னது' என்ற வெற்றிடத்தில் எலி, பாம்பு, பூதம் எதையும் ஆட்டமே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஆங்கிலப் பெயர்ச்சொல் வேற்றுமைக்காக உருமாறாது, ஆகையால் இடையூறில்லை. தமிழிலோ எலி எலியை ஆகும், பாம்பு பாம்பை ஆகும், பூதம் பூதத்தை ஆகும். வெற்றிடத்தின் பின்னே ஓர் 'ஐ' உருபை ஒட்டி வைத்தால், திரையில் "நீ பூதம்ஐ அடித்தாய்" என்று தோன்றும்! இலக்கணம் கற்பித்த என் ஆசிரியர் கண்டிருந்தால் கண்ணீர் விட்டிருப்பார். ஒவ்வொரு பெயருக்கும் வேற்றுமை வடிவங்களை அட்டவணையாக எழுதி ஆட்டத்துக்குள் வைக்க வேண்டும். அன்றேல், "உன் அடி பட்டது: பூதம்" என்று வாக்கியத்தையே முறித்துப் போட வேண்டும். முன்னது நிரலையே திருத்தக் கோருவது. ஜெர்மன் மொழியில் நெட்ஹேக்கை ஆக்கியோரும் வேற்றுமையோடு இவ்வாறே மல்லாட நேர்ந்தது என்பதை அறிந்து ஓரளவு ஆறுதல் பெற்றேன்.

எழுத்தின் அகலமும் இடர் தருவது. முனையம் கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று எண்ணுவது. 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து; கணிப்பொறிக்கு ககரமும் உயிர்க்குறியும் ஆகிய இரண்டு குறியெண்கள்; கண்ணுக்கோ மூன்று உருவங்கள். புள்ளி தனக்கெனக் கட்டம் எடுப்பதில்லை. ஐகாரக் கொம்பும் 'ண'கரமும் ஒரு கட்டத்தில் அடங்க மறுக்கின்றன. நிலவறைப் படத்தின் நடுவே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதினால் அதற்கு வலப்புறச் சுவர் சரிந்து நிற்கும். ஆதலின் படத்தைக் குறிகளாகவே விட்டுவிட்டு, செய்தி வரியை மட்டும் தனி வரியில் தமிழாக்குவதே இப்போதைக்கு அறிவுடைமை.

இவ்வாறெல்லாம் பாடுபட்டு, நூற்றுக்கு மேற்பட்ட வரிகளை ஆக்கி அனுப்பினேன். நான்கு மாதம் மறுமொழி இல்லை. ஏற்கிறேன் என்றும் இல்லை, மறுக்கிறேன் என்றும் இல்லை. அலுவலகத்தில் கோப்புகள் உறங்குவதைக் கண்டு பழகியவன்தான். எனினும் யாரும் கேளாமல், கூலி பெறாமல், இரவில் கண்விழித்துச் செய்த வேலைக்கு ஒரு சொல் கூடக் கிடைக்காதபோது, மனம் கசந்துவிட்டது. இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று இருந்தேன். பின்னர் ஒருநாள் மறுமொழி வந்தது, நீண்ட மன்னிப்போடு. அவர் வீட்டில் நோயாளி. அந்த நான்கு மாதத்தில் என்னைப் போல் பதினோரு பேர் காத்திருந்தனர். அவரன்றி அந்தக் களஞ்சியத்தின் சாவி வேறு எவரிடமும் இல்லை.

சாவி ஒரே கையில் இருப்பது பெரிய ஆட்டங்களையும் விடவில்லை என்றே கூற வேண்டும். நெட்ஹேக்கின் 3.4.3 என்ற பதிப்பு 2003 டிசம்பரில் வெளிவந்தது. அதன்பின் அதைப் பேணிய குழுவினர், கதவடைத்து உள்ளே வேலை செய்யும் வழக்கமுடையவர். வெளியே ஒன்றும் தெரியவில்லை. அடுத்த பதிப்பாகிய 3.6.0 வெளிவந்தது 2015 டிசம்பரில். பன்னிரண்டு ஆண்டுகள்! இடைக்காலத்தில் ஆட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மூலநிரல் திறந்திருந்ததால், தத்தம் விருப்பம்போல் கிளைகள் பிரித்து வளர்த்தனர். 2014-இல் முற்றுப்பெறாத நிரல் வெளியே கசிந்தது. பின்னர்க் குழுவினர் கிளைகளில் விளைந்த நல்லவற்றுள் சிலவற்றைத் தாய்மரத்திலேயே ஒட்டுப்போட்டுக்கொண்டனர்.

விளையாட்டைவிட்டு விளைவு பெரிதான இடத்தில் இது எவ்வாறு முடியும் என்பதற்கு 2024-ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்று. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற மென்பொருளை, ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் என்பவர் பல ஆண்டுகள் ஏறத்தாழத் தனியொருவராகப் பேணி வந்தார். உடல்நலமும் மனநலமும் குன்றிய நேரத்தில், வேலை தாமதமாகிறதென்று சிலர் அவரை நச்சரித்தனர். அதே வேளையில் ஒருவர், புனைபெயர் என்று கருதப்படும் பெயரில், பணிவோடு வந்து நல்ல திருத்தங்களைத் தந்து, இரண்டாண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்று, சாவியையும் பெற்றார். பெற்றபின் 5.6.0, 5.6.1 என்ற பதிப்புகளில் உலகத்துக் கணிப்பொறிகளுக்குள் நுழையத்தக்க கள்ளவழி ஒன்றை மறைத்து வைத்தார். ஆண்டிரஸ் ஃபிராய்ண்டு என்ற பொறியாளர், தம் கணிப்பொறியில் நுழைவு அரை விநாடி தாமதப்படுவதைக் கண்டு ஐயுற்று ஆராய்ந்து, 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். நல்லவேளை, அப்பதிப்புகள் பெரும்பாலான கணிப்பொறிகளைச் சென்றடையுமுன் தடுக்கப்பட்டன. கள்வனின் திறமையைக் காட்டிலும் என் மனத்தில் நிற்பது, களைத்துப்போன அந்த ஒற்றை மனிதரின் நிலை. உதவி வேண்டி நின்றவருக்கு உதவ வந்தவன் கள்வன் ஒருவனே என்றால், மற்ற நாமெல்லாம் எங்கிருந்தோம்?

இதன் பொருட்டே இன்று ஒழுங்காக நடக்கும் சிறு திட்டங்களில் சாவி குறைந்தது இருவரிடம் இருக்கின்றது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்தாலன்றி உள்ளே சேர்ப்பதில்லை. புதிதாய் வருவோர்க்கென்று எளிய வேலைகள் சிலவற்றை முத்திரையிட்டு ஒதுக்கி வைப்பர். பேணுநர் பத்து நிமிடத்தில் முடிக்கக்கூடியதாயினும் தொடமாட்டார். பெயர் குறிப்பதிலும் கருமித்தனம் இல்லை. நெட்ஹேக்கின் கையேட்டில், எந்தப் பதிப்பில் எந்தக் கணிப்பொறிக்கு யார் உழைத்தார் என்று பத்தி பத்தியாக எழுதப்பட்டிருக்கின்றது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் போதித்தவரும் அக்குழுவின் தொடக்ககால உறுப்பினருமான இட்சாக் மில்லர் 1994-இல் மறைந்தார். அந்த ஆட்டத்தில் விளக்குக் கடைக்காரர் என்றால் இட்சாக் என்ற பெயருடையவரே. நிலவறை ஆயிரம் முறை மாறினாலும் அவர் பெயர் மாறுவதில்லை.

என் தமிழ் வரிகள் பின்னர் ஏற்கப்பட்டன. அவற்றோடு, கேளாமலே, தமிழ்க் கோப்பின் சாவியையும் அவர் எனக்குத் தந்துவிட்டார். "இரண்டாவது ஆள் ஒருவரையும் நீங்களே தேடிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தார். சென்ற வாரம் பிலாயிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கின்றாள். எஃகு ஆலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவளாம், தமிழைத் தாயிடம் கற்றவளாம். ஆட்டம் ஆடுபவனை நான் 'நீ' என்று விளித்திருப்பது மரியாதைக் குறைவு என்றும், 'நீங்கள்' என்று எல்லா வரிகளையும் மாற்றித் தான் அனுப்பியிருப்பதாகவும் கூறுகின்றாள். பூதத்தின் வாயில் அகப்பட்டுச் சாகப்போகிறவனுக்கு 'நீங்கள்' எதற்கு என்பது என் கட்சி. அதை எழுதத் தொடங்கிப் பின் அழித்துவிட்டேன். அவள் திருத்தியதில் பதினேழாவது வரியில், நான் காணாமல் விட்டிருந்த ஒரு சந்திப் பிழையும் சரிசெய்யப்பட்டிருக்கின்றது. அதற்கு நன்றி கூறி, இன்று இரவுக்குள் மறுமொழி அனுப்ப வேண்டும்.